நாடா என்று எழுதிய சீட்டு



நகரியிலும் புத்தூரிலும் நாராயணவனத்திலும் தறிக்காரர் வாயில் வழங்கும் சொற்களைத் திரட்டி ஓர் அகராதி செய்யப் புறப்பட்டிருப்பதாகவும், இரண்டு மாதத்திற்குள் எழுநூறு சீட்டுகள் சேர்ந்துவிட்டதாகவும், ஆனால் அவற்றுள் எது தமிழ், எது தெலுங்கு என்று பிரிக்கமாட்டாமல் திகைப்பதாகவும் நீ சித்தூரிலிருந்து எழுதிய கடிதம் கிடைத்தது. திகைப்பு நல்லதுதான், அந்த எழுநூறுதான் எனக்குக் கொஞ்சம் பயத்தைத் தருகிறது.

பழைய கிரேக்க மொழிக்கு லிடெல், ஸ்காட் என்ற இருவர் 1843இல் ஆக்ஸ்போர்டிலிருந்து வெளியிட்ட பேரகராதியை நீ நூல்நிலையத்தில் புரட்டியிருப்பாய். பாஸ்ஸோ என்ற ஜெர்மானியரின் அகராதியை அஸ்திவாரமாகக் கொண்டு எழுந்த அந்நூலை லிடெல் ஆயுள் பரியந்தம் விடவேயில்லை. எட்டாம் பதிப்பு 1897இல் வந்தது, மறு வருஷமே அவர் காலமானார். அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரே நூலைத் திருத்திக்கொண்டிருந்த அத்தகைய மகாவித்துவான் கையிலும் நெசவுச் சொல் ஒன்று வழுக்கிற்று. 'கெர்கிஸ்' என்பதற்கு அந்த அகராதி நெசவு நாடா என்று பொருள் தந்தது. பழங்கிரேக்கரின் தறியோ நம்முடையதைப்போலக் கிடையாகப் படுத்திருப்பதன்று. மேலே ஒரு கட்டையிலிருந்து பாவு நூல்களைத் தொங்கவிட்டு, அடியில் மண் குண்டுகளைக் கட்டி நிமிர்த்திய தறி. அதில் நம் நாடாவைப்போல ஓடும் கருவிக்கு இடமில்லை என்றும், கெர்கிஸ் என்பது இழைகளை ஒதுக்கி நெருக்கும் கூரிய கோலாகவே இருக்கவேண்டும் என்றும் நெசவை ஆராய்ந்தவர்கள் பிற்காலத்தில் வாதித்தார்கள். லிடெலைக் குறை சொல்வதற்கில்லை. ஏதென்ஸ் நெசவுக்காரி போய்ச் சேர்ந்து இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாயிற்று. அவளை எங்கே போய்க் கேட்பது? உனக்கு அந்தச் சாக்குக் கிடையாது, தம்பி.

எனக்கும் கிடையாது, ஆயினும் தவறினேன். உன் வயதில் ஒரு நெசவாளி வீட்டுத் திண்ணையில் கௌரவமாக உட்கார்ந்து, உள்ளேயிருந்து அவர்கள் சொல்லச் சொல்லச் சீட்டில் எழுதிக்கொண்டிருந்தவன், 'நாடா' என்று காதில் விழுந்ததும், இடுப்பில் முடிபோடும் நாடா நினைவுக்கு வர, 'துணிப்பட்டை' என்று பொருள் எழுதி, அதை உரக்கப் படித்தும் காட்டினேன். அந்த வீட்டுப் பாட்டி சிரித்துக்கொண்டே என்னைக் குழித்தறியண்டை அழைத்துப்போய், இருமுனையிலும் இரும்புப் பூண் போட்ட, தோணிபோன்ற சிறு கட்டையொன்றை உள்ளங்கையில் வைத்தாள். அதன் வயிற்றுக் குழியில் ஊடை நூல் சுற்றிய தார். பக்கத்தில் நூல் வெளிவர ஒரு கண். வருஷக் கணக்காகக் கைபட்ட வழுவழுப்பு. "இத எப்படி சாமி இடுப்புல கட்டுவீங்க?" என்றாள்.

அதே தெருவில் தெலுங்கு பேசும் வீட்டில் அதற்கு 'நாடெ' என்று பெயர். எந்த மொழி எந்த மொழிக்குக் கொடுத்தது என்ற வழக்கை இப்போதே தீர்க்க முயலாதே. வடஆர்க்காட்டில் ஒரு பகுதியையும் கடப்பையில் ஒரு பகுதியையும் சேர்த்து 1911இல் சித்தூர் ஜில்லாவை அமைத்தார்களே, அப்போது எல்லைக் கல்லைத்தான் நட்டார்கள். தறியை யாரும் இரண்டாக அறுக்கவில்லை. எந்த வீட்டில், எந்த வாயில், எந்த வேலையின் நடுவில் கேட்டாய் என்பதை மட்டும் சீட்டில் எழுதிவை.

நம் பக்கத்தில் முன்னோடிகளுக்குக் குறைவில்லை. கடப்பையில் பண்டிதர்களைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டு ஏடுகளை ஒப்புநோக்கிய சி. பி. பிரௌன் 1852இல் தெலுங்கு அகராதியை அச்சிட்டதோடு நிற்காமல், அந்நியச் சொற்களுக்கென்றே 1854இல் தனி அகராதி ஒன்றும் வெளியிட்டார். ஆதலால், விசைத்தறிக் கூடத்தில் 'ஷட்டில்', 'பீம்', 'பாபின்' என்று பையன்கள் சொல்வதைக் கேட்டு முகம் சுளிக்காமல் அவற்றையும் எழுதிக்கொள். அவற்றுக்குத் தூய தமிழ் கண்டுபிடித்துப் போடுவது உன் வேலையன்று. என்னைக் கேட்டால், அகராதிக்காரன் செய்யும் மகாபாதகம் அதுதான்.

பிரௌனைவிடவும் உனக்கு அண்மையானவர் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி. ஒஸ்மானியாவுக்கு மொழியியல் பேராசிரியராகப் போகுமுன் சிறிது காலம் நம் திருப்பதி வேங்கடேசுவரப் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். ஏட்டுச் சொல்லை விட்டு உழவரிடமே சென்று திரட்டிய தொழிற்சொல் அகராதியின் முதற்பகுதியை 1962இல் வெளியிட்டார். கைத்தறிக்குரிய பகுதி வர 1971 ஆயிற்று. அந்தக் கைத்தறிப் பகுதியை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள். ஆனால், தறியைப் பார்க்கப் போகும் நாளில் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ.

எழுநூறு சீட்டில் எத்தனை பொருளை நீ கையில் எடுத்துப் பார்த்திருக்கிறாய் என்று எண்ணி எழுது. அடுத்த முறை திருப்பதிக்கு வரும்போது என் பழைய சீட்டுப் பெட்டியை எடுத்துப்போகலாம். 'நாடா' என்ற சீட்டு அதில் இருக்கிறது; முதலில் எழுதிய பொருளை ஒற்றைக் கோட்டால் அடித்திருக்கிறேன், கிழித்தெறியவில்லை.