வீட்டு உலையில் அரிவாளும் களைக்கொத்தும்

அறுவடை நடக்கும்போது அரிவாளின் வாய் மடங்கிப் போனாலும், வாய்க்கால் வெட்டும்போது மண்வெட்டி விரிந்து போனாலும், அன்றைய வேலை அன்றோடு நின்றுவிடும். முன்பெல்லாம் கருவியைக் கொல்லுப்பட்டறைக்குக் கொடுத்தனுப்பினால் மாலைக்குள் திரும்பி வந்துவிடும். இப்போது பல ஊர்களில் உலை அணைந்துவிட்டது. மதுராந்தகம் பக்கம் எனக்குள்ள சிறு நிலத்திற்கு அருகிலிருந்த பட்டறையும் அப்படித்தான் மூடப்பட்டது. அதன் பின்னரே மயிலாப்பூர் வீட்டின் கொல்லைப்புறத்தில் ஒரு சிறிய உலையை அமைத்துக் கொண்டேன். பொழுதுபோக்காகத் தொடங்கிய வேலை இது. அதில் செய்த தவறுகள் உங்களுக்குப் பயன்படக்கூடும்.

முதலில் இரும்பைப் பற்றித் தெரிந்து கொள்ளுங்கள். கட்டடக் கம்பியையோ சன்னல் பட்டையையோ அடித்து அரிவாள் செய்தால் பார்வைக்கு நன்றாயிருக்கும்; ஆனால் கூர் நிற்காது. அவற்றில் கார்பன் என்னும் கரிச்சத்து மிகக் குறைவு. லாரி வில்பட்டையில் அது நூற்றுக்கு அரைப் பங்கு அல்லது சற்று அதிகமாகவும், பழைய அரத்தில் ஒரு பங்குக்கு மேலும் இருக்கும். நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தனர். சேலம் பகுதியில் 19ஆம் நூற்றாண்டு வரை, இரும்புத் துண்டையும் ஆவாரங்குச்சியையும் மண்குகையில் வைத்து அடைத்து உருக்கி எஃகு செய்து வந்தார்கள். குச்சியிலிருந்த கரி இரும்பில் ஏறியதுதான் அந்த எஃகின் இரகசியம்.

வில்பட்டை சென்னையில் புதுப்பேட்டையின் பழைய வண்டிச் சாமான் கடைகளில் கிடைக்கும். உங்கள் ஊர்ப் பழைய இரும்புக் கடையிலும் கிடைக்கலாம். பல ஆண்டுகள் பாரம் சுமந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கக்கூடும். கயிற்றில் தொங்கவிட்டுச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மணிபோல் ஒலித்தால் நல்லது. ஓட்டைப் பானை போல் சத்தம் வந்தால் வேண்டாம். பட்டடைக்கல்லுக்காக ரயில் தண்டவாளத் துண்டைத் தேடி அலையாதீர்கள். அதை முறையான சான்றின்றி வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும். கனமான பழைய இரும்புக் கட்டி ஒன்றே போதும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மூடிய முட்டி எங்கு வருகிறதோ, அந்த உயரத்திற்குக் கட்டையின் மேல் அதைப் பதிக்கவும். உயரம் தவறினால் முதுகு வலிக்கும்.

பழைய லாரியின் பிரேக் டிரம்மில் களிமண் பூசி, அடியில் குழாய் வைத்து, ஊதுவதற்குக் கையால் சுற்றும் விசிறியை இணைத்தால் உலை தயார். எரிபொருளுக்குச் சீமைக்கருவேலங்கரி நன்று. கொட்டாங்கச்சிக் கரியும் ஆகும். ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

இனித் துவைச்சல். சில ஊர்களில் இதைத் தோய்ச்சல் என்பார்கள். கருவியின் உயிர் இதில்தான் உள்ளது. நான் முதன்முதலாகச் செய்த களைக்கொத்தை நன்றாகக் காய்ச்சி, வாளித் தண்ணீரில் சட்டென்று முக்கினேன். 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. எடுத்துப் பார்த்தால் வாயிலிருந்து காம்பு வரை விரிசல்! வில்பட்டை எஃகு தண்ணீரின் வேகத்தைத் தாங்காது. அதற்கு எண்ணெயே ஏற்றது. புங்கெண்ணெயோ தவிட்டெண்ணெயோ எடுத்து, விரல் பொறுக்கும் வெதுவெதுப்புக்குச் சூடாக்கிக் கொள்ளவும். வண்டியிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெய் வேண்டாம். அதன் புகை நெஞ்சுக்குக் கெடுதல். எண்ணெயில் தீப்பற்றினால் மூடுவதற்கு ஒரு தகர மூடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

எவ்வளவு காய்ச்ச வேண்டும்? இரும்பு ஏறக்குறைய 770 டிகிரி செண்டிகிரேடில் காந்தத்தை விட்டுவிடும். கம்பி நுனியில் கட்டிய காந்தத்தால் அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். ஒட்டாமல் போனதும் இன்னும் சற்றே காய்ச்சி எண்ணெயில் நேராக இறக்கவும். வெள்ளையாகிப் பொறி பறக்கும் வரை விட்டால் எஃகு வெந்து கெட்டுவிடும். பிறகு அதைத் திருத்த வழியில்லை. நடுப்பகல் வெயிலில் சிவப்புச் சூடு கண்ணுக்குப் புலப்படாது. ஆதலால் நிழலில் அல்லது மாலையில் செய்யவும்.

எண்ணெயிலிருந்து எடுத்த கருவி கண்ணாடி போல் கடினமாகவும், கண்ணாடி போலவே உடையக்கூடியதாகவும் இருக்கும். இதோடு விட்டுவிடுவதுதான் பலரும் செய்யும் பிழை. வாயருகே சாணைக்கல்லால் தேய்த்து வெள்ளையாக்கிவிட்டு, நன்கு பழுத்த ஓர் இரும்புக் கட்டியின்மேல் கருவியின் முதுகை வையுங்கள். சூடு மெல்ல மெல்ல வாயை நோக்கி நகரும். கூடவே நிறமும் நகரும். முதலில் வெளிர் வைக்கோல் நிறம், பின்னர் பழுப்பு, பின்னர் கத்தரிப்பூ நிறம், கடைசியில் நீலம். கதிர் அரிவாளுக்கு வாயில் பழுப்பு வந்ததும் எடுத்து எண்ணெயில் அமர்த்தவும். இது ஏறக்குறைய 255 டிகிரி. கல்லிலும் வேரிலும் மோதும் மண்வெட்டிக்கும் களைக்கொத்துக்கும் கத்தரிப்பூ நிறம் கடந்து நீலம் தொடங்கும் வரை, அதாவது 290 டிகிரி அளவுக்குப் பொறுத்திருங்கள். கூர் சற்றுக் குறையும், உடையாது. எனக்கு இந்த நிறங்கள் பிடிபட ஆறு மாதம் ஆயிற்று. பழைய பட்டைத் துண்டுகளில் பழகிய பின்பே நல்ல கருவியில் கைவைக்கவும்.

துத்தநாகம் பூசிய குழாய், வாளி, தகரம் எதையும் உலையில் இடாதீர்கள். அந்த வெள்ளைப் புகையை முகர்ந்தால் இரவு குளிர்காய்ச்சல் கண்டுவிடும். இருபுறமும் அடைத்த குழாய், வண்டியின் ஷாக் அப்சார்பர் ஆகியவை நெருப்பில் வெடிக்கும். பருத்தி உடையே அணியவும்; பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக் கொள்ளும். கண்ணாடி அணியாமல் சம்மட்டி தூக்காதீர்கள். ஒருமுறை எனக்குத் தெறித்த செதில் புருவத்தில் பட்டது. அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும்.

சென்னையைப் போன்ற கடற்கரைப் பகுதிகளில் உப்புக்காற்று ஒரே வாரத்தில் துருவேற்றிவிடும். வேலை முடிந்ததும் கருவியைக் கழுவித் துடைத்து, வேப்பெண்ணெய் தடவித் தொங்கவிடவும். உரமூட்டையின் அருகில் மட்டும் தொங்கவிட வேண்டாம்.