மழைநாளில் கூடத்தில் பாண்டி

நண்பர் மருத்துவமனையில் தங்கியிருக்க, அவருடைய குழந்தை உங்கள் பொறுப்பில் இருக்கிறதா? அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை காரைக்கால் பிள்ளைகளை அடிக்கடி வீட்டுக்குள் இருத்திவிடும். ஆயினும், 5 முதல் 17 வயதினர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஈரமற்ற தரையில் சுண்ணக்கட்டியால் எட்டுக் கட்டங்கள் வரைந்து பாண்டி ஆடுங்கள். ஆஸ்துமா போன்ற நோய் குழந்தைக்கு உண்டா என்று பெற்றோரிடம் முன்பே கேட்டறியுங்கள். ஆட்டவிதிகளைக் குழந்தையே உங்களுக்குக் கற்பிக்கட்டும். பெற்றோரைப் பிரிந்த கலக்கம் சற்றே தணியக்கூடும். இரு கால்களாலும் மாறிமாறி நொண்டினால் கால்வலிமையும் உடற்சமநிலையும் வளரும்.

இதயநோயோ மூட்டுவலியோ உடைய பெரியோர் நொண்ட வேண்டா. சில்லெறிந்து கட்டங்களில் நடந்தால் போதும். பேச இயலாதவாறு மூச்சு வாங்கினால் அமர்ந்துவிடுங்கள். நெஞ்சுவலி தோன்றினால் உடனே மருத்துவ உதவியை நாடுங்கள்.