தாடையற்ற மீன்களின் செவுள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

இன்று உயிரோடிருக்கும் தாடையற்ற மீன்கள் இரண்டே வகை: லாம்ப்ரே, ஹேக்ஃபிஷ். விலாங்கு போல நீண்ட இவற்றின் செவுள் சட்டகம் பற்றிப் பல தவறான எண்ணங்கள் வேரூன்றிவிட்டன. அவற்றைத் திருத்தியாக வேண்டும்.

நம்பிக்கை 1: எல்லா மீன்களுக்கும் செவுள் அமைப்பு ஒன்றுதான்.

உண்மை: சந்தையில் சங்கரா மீனின் செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். வளைந்த எலும்பு தொண்டைப் பக்கம் இருக்கும்; சிவந்த இழைகள் அதன் வெளிவிளிம்பில் வரிசையாக நிற்கும். லாம்ப்ரேயில் இது நேர்மாறு. ஏழு ஜோடி செவுள் பைகள் உள்ளே. குருத்தெலும்புச் சட்டகம் வெளியே, தோலை ஒட்டி. சங்கராவின் வளைவுகளில் மூட்டுகள் உண்டு. லாம்ப்ரேயிலோ மூட்டே கிடையாது. முழுச் சட்டகமும் ஒரே பின்னல். ஹேக்ஃபிஷில் அதுவும் தேய்ந்து, செவுள் பைகளைச் சுற்றிச் சொற்பக் குருத்தெலும்பே மிஞ்சியிருக்கிறது.

நம்பிக்கை 2: மீன் என்றால் வாய் வழியாகத்தான் நீரை இழுத்துச் சுவாசிக்கும்.

உண்மை: வளர்ந்த கடல் லாம்ப்ரே வேறொரு மீனின் மேல் வாயைப் பதித்து இரத்தம் உறிஞ்சும். அந்நேரத்தில் வாய்வழி அடைபட்டிருப்பதால், செவுள் துளைகள் வழியாகவே நீர் உள்ளே போய் வெளியே வருகிறது. தசைகள் சுருங்கிச் சட்டகத்தை அழுத்தும்போது நீர் வெளியேறும். தசைகள் தளர்ந்ததும் குருத்தெலும்பு தானாக விரிந்து நீரை உள்ளிழுக்கும். ஹேக்ஃபிஷ் நாசித் துளை வழியாக நீரை இழுக்கிறது.

நம்பிக்கை 3: தாடையுள்ள மீன்களின் செவுளும் தாடையற்றவற்றின் செவுளும் தனித்தனியே தோன்றியவை.

உண்மை: தாடையுள்ளவற்றின் செவுள் கருவின் வெளிப்படலத்திலிருந்தும் தாடையற்றவற்றின் செவுள் உட்படலத்திலிருந்தும் உருவாவதாக முன்பு கருதினார்கள். திருக்கையின் உறவான, தாடையுள்ள ஸ்கேட் மீனின் கருக்களில் செல்களைப் பின்தொடர்ந்த கில்லிஸ், டிட்ஸ்வெல் இருவரும், அங்கேயும் செவுள் உட்படலத்திலிருந்தே உருவாவதை 2017இல் காட்டினார்கள். இரு தரப்புச் செவுளுக்கும் மூலம் ஒன்றே என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது.

நம்பிக்கை 4: முதுகெலும்பிகளின் ஆதிச் செவுள் சட்டகம் லாம்ப்ரேயினுடையது போலத்தான் இருந்தது.

உண்மை: கனடாவின் பர்ஜஸ் ஷேல் பாறைகளில் கிடைத்த மெட்டாஸ்ப்ரிக்கினா, சுமார் 50 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய தாடையற்ற மீன். சைமன் கான்வே மாரிஸும் ஜான்-பெர்னார் கரோனும் 2014இல் அதை விரிவாக விவரித்தார்கள். அதன் செவுள் தண்டுகள் பின்னலாக இணையவில்லை. தனித்தனியாக, ஒவ்வொன்றும் மேல், கீழ் என இரு துண்டுகளாக இருந்தன. அப்படியானால் லாம்ப்ரேயின் பின்னல் பிற்காலத்தில் வந்த மாற்றமாகவே இருக்க வேண்டும்.

பழைய கிளையில் வந்த உயிரி என்பதாலேயே அதன் எல்லா உறுப்புகளும் பழையவை ஆகிவிடாது. உயிரியல் ஆசிரியர்கள் லாம்ப்ரேயை நம் மூதாதையாக அறிமுகப்படுத்துவதை நிறுத்த வேண்டும். அது தனக்கென ஒரு வழியில் மாறிவந்த நம் தூரத்து உறவு.