கணிதக் கல்வியில் காட்சியும் நிறுவலும்

கணிதம் என்றதும் அஞ்சி அகல்வார் நம்முட் பலர். அவ்வச்சத்திற்குக் காரணம் யாது? மாறிக்கொண்டேயிருக்கும் அளவுகளை அசையாத கரும்பலகைப் படத்தால் உணர வேண்டியிருத்தலும் ஒரு காரணம் என்பது எம் துணிபு. கணிப்பொறி இக்குறையைத் தீர்க்குமா என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

ஆஸ்திரியா நாட்டுச் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பயின்ற மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் என்பார், 2001-ஆம் ஆண்டில் தம் முதுநிலை ஆய்வின் பொருட்டு ஜியோஜீப்ரா என்னும் கணிதச் செயலியை உருவாக்கத் தொடங்கினார். வடிவ கணிதமும் இயற்கணிதமும் அதன்கண் ஒருங்கே இயங்கும். படத்தை அசைத்தால் எண்கள் மாறும். எண்ணை மாற்றினால் படம் அசையும். வணிக நோக்கமின்றிப் பயில்வோர்க்கு அது விலையின்றிக் கிடைக்கின்றது.

நுண்கணிதம் தொடங்கும் மாணவர்க்கு அஃது உதவுமாற்றை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். எண்களையும் அவற்றின் வர்க்கங்களையும் கொண்டு வரைந்த வளைவரையில், 1-க்கு நேரே ஒரு புள்ளியும் 2-க்கு நேரே மற்றொரு புள்ளியும் குறித்து, இரண்டையும் ஒரு கோட்டால் இணைப்போம். அதன் சாய்வு 3. இரண்டாம் புள்ளியை இழுத்து 1.5-க்குக் கொணரின் சாய்வு 2.5 ஆம், 1.1-க்குக் கொணரின் 2.1, 1.01-க்குக் கொணரின் 2.01. இரு புள்ளிகளும் ஒன்றானால் யாது நிகழும்? 'சாய்வு 2' என விடையிறுக்க நம் நா விரையும். ஆயின் திரையிற் கோடே மறைந்துவிடும். ஒரே புள்ளியைக்கொண்டு இன்ன கோடெனத் துணிதல் யாங்ஙனம்? அணுகுதல் வேறு, அடைதல் வேறு என்பது அப்பொழுதே உள்ளத்திற் பதியும். எல்லை என்னும் கருத்திற்கு வாயில் இதுவே.

ஆசிரியர் தாமே இழுத்துக் காட்ட, மாணவர் வாளா நோக்கியிருப்பின் இப்பயன் விளையாது. "கோடு என்னாகும்?" என்று முன்னரே வினவி, ஒவ்வொருவரும் தம் ஊகத்தை எழுதிய பின்னரே புள்ளியை அசைத்தல் வேண்டும். ஊகம் பிழைத்த மாணவரே காரணத்தை நாடிச் செல்வர்.

எனினும், கண்டதெல்லாம் நிறுவப்பட்டதாகாது. ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அவ்வெண்ணையும் 41-ஐயும் கூட்டுக. 0 முதல் 39 வரை எவ்வெண்ணை இடினும் வருவது பகா எண்ணே. 40-ஐ இட்டாலோ 1681 வரும். அது 41-இன் வர்க்கம். நாற்பது முறை மெய்யாய்த் தோன்றியது நாற்பத்தொன்றாம் முறை பொய்த்தது.

இலக்கணம் பயிலும் எமக்கு இது புதிதன்று. எடுத்துக்காட்டு நூற்பாவை விளக்கும், தானே நூற்பாவாகாது. கருவி ஐயத்தை எழுப்புக. அதனைத் தீர்க்கும் பொறுப்பு, ஏடும் எழுதுகோலும் ஏந்திய நம்முடையதே. ஆதலின் அன்பர்காள், கணிதம் நம் துறையன்று என்று அகலாது, ஒருமுறையேனும் அப்புள்ளியை இழுத்துப் பார்ப்பீராக.