‘ஒலி மாறும்’ என்று விற்ற கேபிள்: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: வீட்டு மாடியில் 4 மீட்டர் நீளமுள்ள அறை ஒன்றைப் பாட்டுக் கேட்பதற்காகவே வைத்திருக்கிறேன். பேஸ் ஒலி அறையில் ‘கும்’மென்று அடைத்துக்கொள்கிறது என்று ஆடியோ கடைக்காரர் ஒருவரிடம் சொன்னேன். அறையின் அளவையும் போட்டோவையும் வாட்ஸ்அப்பில் வாங்கிப் பார்த்தவர், “இதை மாட்டினால் அந்த அடைப்பு போய்விடும்” என்று 48,000 ரூபாய்க்கு 5 செ.மீ. தடிமன் ஃபோம் பேனல்களைக் கொடுத்தார். கூடவே 85,000 ரூபாய்க்கு ஒரு பவர் கேபிள். ஸ்பீக்கரில் ஒட்ட 6,000 ரூபாய்க்கு ‘குவான்டம்’ ஸ்டிக்கர்கள். ‘மின் இரைச்சலை 90 சதவீதம் குறைக்கும்’ என்று கேபிளின் விளம்பரத் தாளில் அச்சிட்டிருக்கிறது. நான்கு மாதம் ஆகியும் எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. கேட்டால், “கேபிள் 200 மணி நேரம் ஓடிப் பழக வேண்டும், உங்கள் காதும் பழக வேண்டும்” என்கிறார். பில்லில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று இருக்கிறது. வழக்குப் போட முடியுமா?
– வாசகர், கோவை

பதில்: முடியும். ஆனால், “எனக்கு வித்தியாசம் கேட்கவில்லை” என்பதை வழக்கின் அடிப்படையாக வைக்காதீர்கள். கேபிள் மாற்றினால் ஒலி மாறுமா என்பது காதை நம்புகிறவர்களுக்கும் கருவியை நம்புகிறவர்களுக்கும் இடையே பல பத்தாண்டுகளாக நடக்கும் சண்டை. உங்களுக்குக் கேட்கவில்லை என்று நீங்கள் சொன்னால், தங்களுக்குக் கேட்டது என்று சொல்லப் பத்துப் பேரைக் கடைக்காரர் கூட்டிவருவார். அந்தச் சண்டையை நுகர்வோர் ஆணையம் தீர்த்துவைக்க வேண்டியதில்லை. என்ன சொல்லி விற்றார், சொன்னதற்கு ஆதாரம் வைத்திருக்கிறாரா என்ற இரண்டு கேள்விகள் போதும்.

உங்கள் கையில் இருப்பதிலேயே வலுவானது பேனல் விவகாரம்தான். எதற்காக வாங்குகிறீர்கள் என்பதைச் சொல்லி, விற்பவரின் தொழில் அறிவை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது பொருட்கள் விற்பனைச் சட்டம், 1930-இன் 16(1) பிரிவு. நீங்கள் பிரச்சினையைச் சொன்னீர்கள், அறையின் அளவைக் கொடுத்தீர்கள், அவர் தீர்வு சொன்னார். எல்லாம் எழுத்தில் இருக்கிறது. அடுத்தது அறிவியல். 4 மீட்டர் நீள அறையில் முதல் அதிர்வு ஏறக்குறைய 43 ஹெர்ட்ஸில் எழும். அந்த அலையின் நீளம் 8 மீட்டர். 5 செ.மீ. ஃபோம் கைதட்டலின் எதிரொலியையும் உயர்ந்த சுருதிகளின் கூச்சத்தையும் உறிஞ்சும். 43 ஹெர்ட்ஸை ஏறக்குறையத் தொடவே தொடாது. அறை ஒலியியலில் இப்படி அளந்து பார்க்க முடிகிறது என்பதே உங்களுக்குச் சாதகம். ஹார்வர்டில் வாலஸ் சாபின் 1895-இல் ஒரு விரிவுரை அறையில் இருக்கை மெத்தைகளை அடுக்கி, ஒலி அடங்கும் நேரத்தை அளக்கத் தொடங்கிய காலத்திலிருந்தே இது கணக்குக்கு உட்பட்ட துறை. ஒலிப்பொறியாளர் ஒருவரை வைத்து, பேனல் இருக்கும்போதும் கழற்றிய பிறகும் அளவீடு எடுத்து, அறிக்கையாக வாங்கிக்கொள்ளுங்கள்.

கேபிளுக்கு வருவோம். ‘இசைக்கு உயிர் கொடுக்கும்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது வியாபாரப் புகழ்ச்சி, வழக்கு நிற்காது. ‘90 சதவீதம்’ அப்படியல்ல. இந்த எல்லைக்கோட்டைக் காட்ட வழக்கறிஞர்கள் இன்றும் எடுத்துச் சொல்வது 1893-ஆம் ஆண்டின் கார்லில் வழக்கு. தன் புகை உருண்டையைப் பயன்படுத்தியும் இன்ஃப்ளூயன்சா வந்தால் 100 பவுண்டு தருவதாக விளம்பரம் செய்த லண்டன் நிறுவனம், பிறகு அது வெறும் விளம்பரப் பேச்சு என்றது. வங்கியில் 1,000 பவுண்டு போட்டிருப்பதாக நீங்களே சொன்னீர்களே என்று கேட்டு நீதிமன்றம் அந்த வாதத்தை நிராகரித்தது.

நம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இன்னும் ஒரு படி மேலே போகிறது. முறையான சோதனை இல்லாமல் ஒரு பொருளின் செயல்திறனுக்கு உத்தரவாதம் தருவது 2(47) பிரிவின்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. சோதனை செய்தே சொன்னோம் என்றால், அதை நிரூபிக்கும் பொறுப்பு விற்றவர் தலையில் விழுகிறது. அதனால் ‘குறைபாடுள்ள பொருள்’ என்று மட்டும் மனு எழுதாதீர்கள். அப்படி எழுதினால் ஆய்வகச் சோதனைக்கான கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட நேரிடும். நேர்மையற்ற வணிக நடைமுறையை முதலில் வையுங்கள். எந்த ஆய்வகம், எந்தக் கருவி, எதனோடு ஒப்பிட்டு 90 சதவீதம் என்று கேளுங்கள். சுவருக்குள் பல மீட்டர் சாதாரண ஒயரில் ஓடி வரும் மின்சாரத்தைக் கடைசி ஒன்றரை மீட்டர் கேபிள் எப்படிச் சுத்தப்படுத்துகிறது என்பதையும் அவரே விளக்கட்டும்.

ஸ்டிக்கர் விஷயத்தில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். ‘இனிமை கூடும்’ என்று வாய்மொழியாகச் சொன்னது மட்டும்தான் என்றால் வெற்றி கடினம்.

‘200 மணி நேரம்’ என்ற பேச்சில் எச்சரிக்கையாக இருங்கள். தினம் இரண்டு மணி நேரம் கேட்டால் அதற்கே 100 நாள் ஆகிவிடும். பில்லில் காலக்கெடு எதுவும் இல்லாதபோது, குறைபாடுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் நேர்மையற்ற வணிக நடைமுறைதான். எனவே பில்லில் அச்சிட்ட அந்த வாசகம் உங்கள் உரிமையைப் பறிக்காது. வழக்குத் தொடுக்க 69-ஆம் பிரிவு இரண்டு ஆண்டு தருகிறது. நான்கு மாதம்தான் போயிருக்கிறது.

நோட்டீஸ் அனுப்பும் முன் ஒரு சோதனையை நேர்மையாகச் செய்துபாருங்கள். நண்பர் ஒருவர் உங்களுக்குத் தெரியாமல் பழைய கேபிளையோ புதியதையோ மாட்டட்டும். ஒலியளவு இம்மியும் மாறக் கூடாது. சற்றே உரக்க ஒலிப்பதைக் காது ‘நல்ல ஒலி’ என்று எடுத்துக்கொள்ளும். 16 சுற்றில் 12-க்குக் குறையாமல் சரியாகச் சொல்லிவிட்டீர்கள் என்றால், உங்களுக்கு ஏதோ கேட்கிறது; அப்போது கேபிளை விட்டுவிட்டுப் பேனலுக்கு மட்டும் வழக்குப் போடுங்கள். உண்மைக்கு மாறான மனுவில் நான் கையெழுத்திட மாட்டேன். நீங்களும் போடக் கூடாது.

மொத்தத் தொகை 1,39,000 ரூபாய். 5 லட்சம் வரை மனுக் கட்டணம் கிடையாது. கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் கோவை மாவட்ட ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். பணத்தோடு மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு, திருத்த விளம்பரம் ஆகியவற்றையும் கேளுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். அதைச் சாட்சியமாக்கப் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யலாம். பல கடைகள் அந்தக் கட்டத்திலேயே பேச்சுவார்த்தைக்கு வந்துவிடும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் தவறான விளம்பரத்துக்கு அபராதம் விதிக்கலாம். ஆனால் அந்தப் பணம் உங்கள் கைக்கு வராது.

வழக்கு முடியும்வரை பேனலையும் கேபிளையும் விற்கவோ தூக்கிப் போடவோ வேண்டாம். ஆணையம் சோதனைக்குக் கேட்டால் அவற்றை நீங்கள் ஒப்படைக்க வேண்டியிருக்கும்.