கண்ணுக்குத் தெரியாத க்ளிப் யாருக்கு?

பொதுத்தேர்வுகள் முடிந்த கையோடு சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் பல்சீரமைப்பு மருத்துவர்களின் காத்திருப்பு அறைகள் நிரம்பிவிடுகின்றன. பெரும்பாலான பிள்ளைகள் முடிவெடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள். "எனக்கு அலைனர்தான் வேணும், க்ளிப் வேணாம்" என்று கைப்பேசியில் விளம்பரத்தைக் காட்டுகிறாள் ஒரு பெண். "காலேஜ் சேர்றதுக்குள்ள முடிச்சுக் குடுத்துருங்க டாக்டர், தை மாசம் இவ அக்காவுக்குக் கல்யாணம், போட்டோல கம்பி தெரியக்கூடாது" என்கிறார் அவளுடைய அம்மா. எத்துப்பல் எவ்வளவு முன்னால் நிற்கிறது, மேல்தாடையும் கீழ்த்தாடையும் எப்படிப் பொருந்துகின்றன என்று ஒருவரும் பார்க்கவில்லை. அதற்குள் கருவி முடிவாகிவிட்டது. தோழி போட்டிருக்கிறாள் என்பது மகளின் காரணம். விலை அதிகமென்றால் தரமும் அதிகமாகத்தான் இருக்கும் என்பது பெற்றோரின் கணக்கு. இரண்டுக்கும் அந்தப் பெண்ணின் பல்லுக்கும் சம்பந்தமில்லை.

இருக்கிற வழிகள் நாலு. பல்லின் முன்புறம் சிறு பிராக்கெட்டுகளை ஒட்டிக் கம்பி கோக்கும் உலோகக் க்ளிப்பை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அதே வேலையைப் பல் நிறத்தில் செய்வது செராமிக் க்ளிப்; விலை சற்றுக் கூடுதல், பிராக்கெட் கொஞ்சம் பருமன், உடையும் வாய்ப்பும் அதிகம். பல்லின் உட்புறம் ஒட்டும் லிங்குவல் வகை நாக்கை உரசும், செலவும் மிகுதி. பள்ளிப் பிள்ளைகளுக்கு அது தேவைப்படுவது அரிது. இந்த மூன்றைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஏமாற்றங்கள் வருவது நாலாவதில்தான்: கழற்றி மாட்டும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறை, அதாவது அலைனர்.

அது பிறந்த கதை சுவாரசியமானது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வணிக மேலாண்மை படித்த ஸியா சிஷ்டியும் கெல்ஸி வர்த்தும் 1997-ல் அலைன் டெக்னாலஜி என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பெரியவரான பிறகு பல்லைச் சீரமைத்துக்கொண்டவர் சிஷ்டி. சிகிச்சை முடிந்து ரிட்டெய்னர் போட்டிருந்த நாட்களில், பல்லை இருந்த இடத்தில் நிறுத்தும் இந்த உறையையே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பல்லை நகர்த்த முடியாதா என்ற யோசனை அவருக்கு வந்தது. அதில் பிறந்ததுதான் இன்விசலைன். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1998-ல் அனுமதி தந்தது. வாயை ஸ்கேன் செய்து, பல் எங்கே போய் நிற்க வேண்டும் என்பதைக் கணினியில் வரைந்து, அதற்கேற்ப உறைகளை வரிசையாகச் செய்கிறார்கள். ஒவ்வோர் உறையும் பல்லை ஏறத்தாழ 0.25 மில்லிமீட்டர் நகர்த்தும். ஒரு வாரமோ இரண்டு வாரமோ கழித்து அடுத்தது. வளர்பருவத்தினருக்கென்றே தனியாக ஒரு வகை வந்தது 2008-ல்தான். ஆரம்ப வருடங்களில் இதைப் பெரிதும் போட்டுக்கொண்டவர்கள், தாமாக விரும்பித் தம் பணத்தைக் கொடுத்து வந்த பெரியவர்கள்.

அந்தப் பெரியவர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் உள்ள வேறுபாட்டை மறந்துவிடுவதால்தான் சிக்கல். அலைனரை ஒரு நாளைக்கு 20 முதல் 22 மணி நேரம் போட்டிருக்க வேண்டும். அதாவது சாப்பாடு, நொறுக்குத்தீனி, பல் தேய்ப்பது எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரத்திலிருந்து நாலு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். நம் ஊர்ப் பதினைந்து வயதுப் பிள்ளையின் நாளைப் பாருங்கள். காலை டிஃபன், பள்ளி இடைவேளையில் ஒரு பிஸ்கட், மதியம் டப்பா சாப்பாடு, டியூஷனுக்குப் போகும் வழியில் பஜ்ஜியும் டீயும், ராத்திரி தோசை, படிக்கும்போது ஒரு பிடி மிக்சர். ஒவ்வொரு தடவையும் உறையைக் கழற்றி டப்பாவில் வைத்து, சாப்பிட்டு, வாய் கொப்பளித்து, முடிந்தால் பல் தேய்த்துத் திரும்ப மாட்ட வேண்டும். உறையோடு குடிக்கக்கூடியது தண்ணீர் மட்டும். கொதிக்கும் டீ பிளாஸ்டிக்கின் வடிவத்தைக் கெடுத்துவிடும். ஜூஸும் சோடாவும் உறைக்குள் தேங்கி எனாமலை அரிக்கும். பள்ளிக் குழாயடியில் நூறு பேர் நடுவில் நின்று உறையைக் கழுவப் பதினான்கு வயதுப் பையன் கூசுவான். மாலை வீட்டுக்கு வந்து மாட்டிக்கொள்ளலாம் என்று டப்பாவிலேயே விட்டுவிடுவான். கல்யாணப் பந்தியில் டிஷ்யூ தாளில் சுற்றி வைத்த அலைனர் எச்சில் இலையோடு போவதும் அடிக்கடி நடக்கிறது.

போடாத நேரத்தில் பல் சும்மா இருப்பதில்லை. பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் மெல்லிய நார்த்திசு இருக்கிறது. தொடர்ந்து அழுத்தினால் ஒரு பக்கம் எலும்பு கரைந்து, மறுபக்கம் புதிதாக வளரும். பல் நகர்வது இப்படித்தான். அழுத்தம் விட்டுவிட்டு வந்தால் பல் பழைய இடத்தை நோக்கித் திரும்பும். அடுத்த உறை பொருந்தாது. மறுபடி ஸ்கேன், மறுபடி புதிய உறைகள். பத்து மாதத்தில் முடியும் என்று சொன்னது இரண்டு வருடமாகிறது. பிள்ளைகள் ஒழுங்காகப் போடுகிறார்களா என்று பார்க்க, நாளாக ஆக வெளுக்கும் நீலப் புள்ளியை உறையில் பதித்தார்கள். அந்தப் புள்ளியை வாயில் போடாமலே வெளுக்க வைக்க முடியும் என்று 2011-ல் ஜெர்மன் ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டினார்கள். கம்பி க்ளிப்புக்கு இந்தக் கண்காணிப்பே தேவையில்லை. ஒட்டிவிட்டால் தூக்கத்திலும் தேர்விலும் பந்தியிலும் அது வேலை செய்துகொண்டே இருக்கும்.

கணினித் திரையில் பல் நகரும் படம் பெற்றோரை மயக்கிவிடுகிறது. திரையில் வரைந்ததில் எவ்வளவு வாயில் நடக்கிறது என்பதை அமெரிக்க ஆர்த்தோடான்டிக்ஸ் ஆய்விதழில் க்ராவிட்ஸும் சகாக்களும் 2009-ல் அளந்து எழுதினார்கள். சராசரி 41 சதவீதம். பல்லை ஈறிலிருந்து வெளிநோக்கி இழுக்கும் அசைவில் சுமார் 30 சதவீதம்தான். புதிய பிளாஸ்டிக்கும் புதிய மென்பொருளும் வந்த பின் 2020-ல் க்ராவிட்ஸ் உள்ளிட்ட ஒரு குழுவினர் மறுபடி அளந்தபோது சராசரி 50 சதவீதமாக உயர்ந்திருந்தது. முன்னேற்றம்தான், ஆனால் பாதி. மீதிப் பாதியைக் கூடுதல் உறைகளாலும் மருத்துவரின் திறமையாலும்தான் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. கோரைப்பல் போல உருண்ட பற்களைத் திருப்புவது அலைனருக்கு இன்றும் கடினம். அதற்காகப் பல்லின் மேல் பிசினில் சிறு புடைப்புகளை ஒட்டுகிறார்கள். பக்கத்தில் நின்று பேசுகிறவருக்கு அவை தெரியும். 'கண்ணுக்கே தெரியாது' என்று நம்பி வந்த பிள்ளை அழுவது அப்போதுதான்.

தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு விஷயமும் சேர்கிறது. மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டும் முன்னால் துருத்தி, உதடு மூடச் சிரமப்படும் முக அமைப்பு இங்கே பரவலாக உண்டு. பெரும்பாலும் நாலு முன்கடைவாய்ப் பற்களை எடுத்துவிட்டு, அந்த இடத்துக்கு முன்பற்களை வேரோடு பின்னால் கொண்டுவருவதுதான் சிகிச்சை. பல்லின் தலை மட்டும் சாய்ந்து வேர் நின்றுவிடக்கூடாது. கம்பி இந்த வேலையைப் பல தலைமுறைகளாகச் செய்துவருகிறது. அலைனரில் செய்கிற கைதேர்ந்த மருத்துவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அது அவர்களுக்கே கடினமான வேலை. கவனக்குறைவான பிள்ளையின் வாயில் இன்னும் கடினம். அதேபோல, கீழ்த்தாடை பின்தங்கியிருக்கும் பிள்ளைக்கு வளர்ச்சி வேகமாக நடக்கும் பதினொன்று முதல் பதினான்கு வயதுக்குள் 'ட்வின் பிளாக்' போன்ற கருவிகள் உதவும். 'கொஞ்சம் பெரியவளாகட்டும், அலைனர் போடலாம்' என்று காத்திருந்தால் அந்தப் பருவம் போய்விடும்.

எல்லாவற்றிலும் கூடுதலாக அஞ்ச வேண்டியது, மருத்துவரை நேரில் பார்க்காமலே வீட்டுக்கு வரும் அலைனர். அமெரிக்காவில் 2014-ல் தொடங்கிய ஸ்மைல் டைரக்ட் கிளப் இந்த முறையில்தான் வளர்ந்தது. 2019-ல் பங்குச் சந்தைக்கு வந்தது. 2023 செப்டம்பரில் திவால் மனு கொடுத்து, டிசம்பரில் ஒரேயடியாக மூடியது. பாதி சிகிச்சையில் இருந்தவர்கள் அந்தரத்தில் நின்றார்கள். தவணையில் சேர்ந்தவர்கள் மிச்சப் பணத்தைக் கட்ட வேண்டும் என்று நிறுவனம் சொன்னது. வாழ்நாள் உத்தரவாதம் இனி இல்லை என்றும் சொன்னது. இன்னொரு வீட்டு அலைனரான 'பைட்'டின் விற்பனையை அதன் உரிமையாளரான டென்ட்ஸ்ப்ளை சிரோனா 2024 அக்டோபரில் நிறுத்திவைத்தது. நம் நகரங்களிலும் வீட்டுக்கே வந்து ஸ்கேன் எடுக்கும் ஏற்பாடுகள் இருக்கின்றன. ஸ்கேன் பல்லின் மேற்பரப்பைத்தான் பார்க்கும். தாடைக்குள் படுத்துக் கிடக்கும் கோரைப்பல், குட்டையான வேர், சொத்தை, எலும்புத் தேய்மானம் இவையெல்லாம் எக்ஸ்ரேயிலும் நேர்ப் பரிசோதனையிலும்தான் தெரியும். முழுவாய் எக்ஸ்ரே எடுக்காமல் பிள்ளையின் பல்லை நகர்த்த ஒருவர் முன்வந்தால் எழுந்து வந்துவிடுவது நல்லது.

இவ்வளவு சொல்வதால் அலைனரே வேண்டாம் என்று ஆகாது. லேசான நெரிசல், பற்களுக்கு நடுவே சிறு இடைவெளி, முன்பு க்ளிப் போட்டுத் திரும்பவும் சற்றே நகர்ந்த பல் இவற்றுக்கு அது அழகாக வேலை செய்யும். நாகஸ்வரமோ புல்லாங்குழலோ வாசிக்கும் பிள்ளைக்கு உதட்டில் கம்பி குத்தும் தொல்லை இல்லை. கம்பியைச் சுற்றிச் சரியாகத் தேய்க்காத பிள்ளைக்குப் பல்லில் வெள்ளைத் தழும்பு விழும். கழற்றித் தேய்க்க முடிவதால் அலைனரில் அந்த ஆபத்து குறைவு. இருந்தாலும், பள்ளிப் பருவத்தில் உலோகக் க்ளிப் போட்டுப் பல் நேரான ஒருவர் எழுதும் கட்டுரை இது. ஐயம் இருக்கும் இடத்தில் கம்பியின் பக்கம் நிற்பதே சரி என்பதுதான் இங்கே சொல்லப்படுகிறது. முதல் வாரம் வாய்ப்புண், கடலைமிட்டாய்க்குத் தடை, வகுப்பில் இரண்டு நாள் கேலி. அதற்குப் பிறகு யாரும் பார்ப்பதில்லை.

முடிவெடுக்கும்போது பிள்ளையின் சுபாவத்தைப் பாருங்கள். மூக்குக்கண்ணாடியைத் தொலைக்காமல் வைத்திருக்கிறாளா? யாரும் சொல்லாமல் ராத்திரி பல் தேய்க்கிறானா? ஆம் என்றால் அலைனரைப் பற்றி யோசிக்கலாம். இல்லையென்றால் அது பிள்ளையின் குற்றமல்ல. அவனுக்கு ஏற்ற கருவி வேறு, அவ்வளவுதான். மருத்துவர் கேள்வி கேட்கும்போது அம்மா அப்பா சற்று வாய்மூடியிருந்து, பிள்ளையைப் பேச விட வேண்டும். ஒன்றரை வருடம் வாயில் சுமக்கப்போவது அவன். கல்யாணத் தேதிக்கும் கல்லூரிச் சேர்க்கைக்கும் எலும்பு கட்டுப்படாது. மாதக்கணக்கில் பொறுத்து ஒரு காரியத்தை முடிப்பது இந்த வயதில் கைவந்தால், பாட்டு கற்பதற்கும் கணக்கு கற்பதற்கும் அதே பொறுமை உதவும்.

செலவும் ஒரு காரணம் என்றால், சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும் பல தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் முதுநிலை மாணவர்கள் பேராசிரியர்களின் மேற்பார்வையில் குறைந்த கட்டணத்தில் க்ளிப் போடுகிறார்கள். நேரம் அதிகமாகும், வேலை சுத்தமாக இருக்கும். எங்கே போனாலும், பல்சீரமைப்பில் எம்.டி.எஸ். முடித்தவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பேசும் தொகையில் கூடுதல் உறைகளும் கடைசியில் தரும் ரிட்டெய்னரும் அடங்குமா என்று முதல் நாளே எழுதி வாங்குங்கள். எந்தக் கருவியில் சீரான பல்லும் ரிட்டெய்னர் இல்லாமல் மெல்ல விலகும். வருடக்கணக்கில் இரவு நேரத்தில் அதைப் போட வேண்டியிருக்கும். பிள்ளை வெளியூர்க் கல்லூரி விடுதியில் இருக்கும்போது அது உடைந்தால் யார் புதிதாகச் செய்து தருவார்கள் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.