வேலைக் களைப்பும் மனச் சிகிச்சையும்



காய்ச்சல் என்றால் கிளினிக்குக்கு ஓடுகிறோம். கத்தி பட்டால் கட்டுப் போடுகிறோம். ஆனால் பெரட்டுக்குப் போக வேண்டும் என்று நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது, ராத்திரி தூக்கம் இல்லை, பிள்ளைகள் மேல் காரணமில்லாமல் எரிந்து விழுகிறோம் என்றால் அதற்கு என்ன செய்கிறோம்? வீட்டில் "சோம்பேறியாகிவிட்டான்" என்கிறார்கள். பக்கத்து வீட்டில் "செய்வினை" என்கிறார்கள். அவரோ கள்ளுக்கடைப் பக்கம் போகிறார். ஒருநாள் மண்டோரோடு வாய்ச்சண்டை வருகிறது. அன்றைக்கே வேலையை உதறிவிடுகிறார். இந்த இதழின் பாடம் இதைப் பற்றியதுதான்.

இது என்ன நிலை?

1974-ஆம் ஆண்டு நியூயார்க் நகரத்தில் ஃபிராய்டன்பெர்கர் என்ற மனநல நிபுணர், இலவசக் கிளினிக்கில் உழைத்தவர்கள் எண்ணெய் தீர்ந்த விளக்குப் போல ஆகிவிடுவதைப் பற்றி எழுதினார். 2019-இல் உலகச் சுகாதார நிறுவனம் இதற்கு மூன்று அடையாளங்களைக் குறித்தது. ஒன்று, சக்தியெல்லாம் வற்றிப்போன களைப்பு. இரண்டு, வேலை மேல் வெறுப்பு, எதிலும் ஒட்டாத மனம். மூன்று, "என்னால் இனி உருப்படியாக ஒன்றும் செய்ய முடியாது" என்ற எண்ணம். இதை ஒரு வியாதி என்று அந்த நிறுவனம் சொல்லவில்லை. வேலையிடத்தில் நெடுநாள் தீராமல் கிடக்கும் அழுத்தத்தால் வருவது என்கிறது. ஆகவே இது சோம்பலும் இல்லை, பைத்தியமும் இல்லை.

யாருக்கு அதிகம் வரும்? 1979-இல் காரசெக் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு கணக்குச் சொன்னார். வேலைப் பளு அதிகம், ஆனால் அந்த வேலையை எப்படிச் செய்வது என்பதில் தன் பேச்சு எடுபடாது. இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் மனம் சீக்கிரம் முறிகிறது என்றார். செம்பனைக் குலை வெட்டுகிறவரையும், பிறைத் தொழிற்பேட்டையில் ராத்திரி ஷிப்டு நிற்கும் பெண்ணையும், பன்னிரண்டு மணி நேரம் ஜாகா வேலை பார்க்கும் பெரியவரையும் நினைத்துப் பாருங்கள், புரியும்.

வேலை மாறும்போது என்ன நடக்கிறது?

நம் வட்டாரத்தில் எத்தனை தோட்டங்கள் வீடமைப்புத் திட்டமாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறிவிட்டன! பத்து காவானில் செம்பனை நின்ற இடத்தில் இன்று பெரிய பெரிய தொழிற்சாலைகள் நிற்கின்றன. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த குடும்பங்கள் செபராங் ஜெயா, புக்கிட் மெர்தாஜாம் அடுக்குமாடிகளுக்கு வந்துவிட்டன. சம்பளம் சில பேருக்குக் கூடியிருக்கலாம். அப்படியும் மனசு ஏன் வாடுகிறது?

இதற்குப் பதில் ஐரோப்பாவில் கிடைக்கிறது. ஆஸ்திரியா நாட்டில் மரியென்டால் என்ற சிறு ஊர். நம் தோட்டம் போலவே ஊர் முழுக்க ஒரே ஆலையை நம்பிப் பிழைத்தது. ஆலை மூடப்பட்ட பிறகு, 1931-32-இல் மாரி யாஹோடா என்ற அம்மையாரும் அவருடைய தோழர்களும் அங்கே போய் ஆராய்ந்தார்கள். அங்கே 478 குடும்பங்கள். வேலை இல்லாததால் நேரம் நிறைய இருந்தது; ஆனால் நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்துபோயிற்று. ஆண்கள் தெருவில் நடக்கும் நடையே மெதுவாகிவிட்டது.

வேலை என்பது சம்பளம் மட்டும் தருவதில்லை என்று அந்த அம்மையார் பின்னாளில் விளக்கினார். நாளுக்கு ஓர் ஒழுங்கு, நாலு பேர் பழக்கம், பொதுவான ஒரு நோக்கம், ஊரில் ஒரு மதிப்பு, கைக்கு ஒரு காரியம் ஆகியவற்றையும் அதுதான் தருகிறது. தோட்டத்தை விட்டவருக்கு இத்தனையும் ஒரே நாளில் போகின்றன. துக்கம் வராமல் என்ன செய்யும்?

சிகிச்சை எப்படி நடக்கும்?

முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும். ரத்தசோகை, இனிப்புநீர், தைராய்டுக் கோளாறு, குறட்டையோடு மூச்சு அடைக்கும் தூக்கம் ஆகியவையும் இதே களைப்பைத் தரும். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். டாக்டரிடம் "உடம்பு வலி" என்று மட்டும் சொல்லாதீர்கள். "தூக்கம் இல்லை, மனசு சரியில்லை" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மனநிலையை அறிய ஒரு கேள்வித்தாள் தரலாம். அது பரீட்சை அல்ல, உள்ளதை எழுதுங்கள். தேவையானால் ஆலோசகரிடமோ பெரிய ஆஸ்பத்திரிக்கோ அனுப்புவார்கள்.

மனச் சிகிச்சை என்றால் கரண்ட் வைப்பது என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அது பேச்சுதான். ஆலோசகர் ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரம் போல உட்கார்ந்து பேசுவார். சில வாரங்கள் தொடர்ந்து போக வேண்டும். அவர் புத்தி சொல்ல மாட்டார். நம் எண்ணத்தை நாமே சோதித்துப் பார்க்கப் பழக்குவார்.

எடுத்துக்காட்டாக, இருபத்தைந்து வருடம் பால்மரம் சீவிய ஒருவர் "எனக்கு வேறு எதுவும் வராது" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆலோசகர் கேட்பார்: "இருட்டில் எழுந்து நேரம் தவறாமல் போனது யார்? பட்டையை மரத்துக்குக் காயமில்லாமல் சீவிய கைப்பக்குவம் யாருடையது? புதிதாக வந்தவருக்குக் கத்தி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தது யார்?" இதையெல்லாம் தாளில் எழுதச் சொல்வார். அதோடு சின்னச் சின்ன வேலைகளும் கொடுப்பார்: தினம் ஒரே நேரத்தில் எழுவது, அரை மணி நடப்பது, வாரம் ஒருவரையாவது போய்ப் பார்ப்பது. மனசு தேறிய பிறகு காரியம் செய்யலாம் என்று காத்திருக்காமல், காரியத்தைத் தொடங்கினால் மனசு பின்னாலே வரும் என்பதே இந்த வைத்தியம். சிலருக்கு மாத்திரையும் தேவைப்படும். டாக்டர் சொல்லாமல் அதை நிறுத்தக் கூடாது.

முக்கியமான எச்சரிக்கை

களைத்த மனம் சரியாகக் கணக்குப் போடாது. ஆகவே முதலில் சிகிச்சை, பிறகுதான் வேலையை விடுவதா என்ற முடிவு. ஆத்திரத்தில் ராஜினாமா எழுதினால் என்ன போகும், பாருங்கள்.

1. ஆட்குறைப்பு என்றால் 1980-ஆம் ஆண்டுச் சட்டவிதிப்படி நட்டஈடு உண்டு. குறைந்தது ஓராண்டு வேலை செய்திருந்தால் வருடத்துக்கு 10 நாள் சம்பளம், இரண்டு வருடத்துக்கு மேல் 15 நாள், ஐந்து வருடத்துக்கு மேல் 20 நாள். நாமாகவே விலகினால் இது கிடையாது.

2. 2018 முதல் சொக்சோவில் வேலைக் காப்புறுதித் திட்டம் இருக்கிறது. வேலை போனவருக்கு வேலை தேடும் காலத்தில் உதவித்தொகையும், புதுத் தொழில் பயிற்சியும் உண்டு. வேலை போன 60 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும். சாதாரணமாக, தானாக ராஜினாமா செய்தவருக்கு இது இல்லை.

ஆகவே கடிதத்தில் கையெழுத்து வைக்கும் முன் சங்கக் கிளைச் செயலாளரைப் பாருங்கள். டாக்டர் எம்.சி. கொடுத்தால் அதை எடுத்துக்கொண்டு ஓய்வெடுங்கள்.

வீட்டார் கவனிக்க வேண்டியவை

ராத்திரி ஷிப்டுக்காரர் பகலில் தூங்க அறையை இருட்டாக்கிக் கொடுங்கள். தூங்குவதற்கு முந்திய ஆறு மணி நேரம் காப்பி, தேத்தண்ணி வேண்டாம். சம்சு குடித்தால் தூக்கம் வரும் என்பது பாதி உண்மை. நடுச்சாமத்தில் அதே சம்சுதான் எழுப்பிவிடும்.

"நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்று ஒருவர் சொன்னால் விளையாட்டாக எடுக்காதீர்கள். சாக நினைக்கிறீர்களா என்று நேராகவே கேளுங்கள்; கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அவரைத் தனியே விடாதீர்கள். களைக்கொல்லி மருந்துகளைப் பூட்டி வையுங்கள். 15555 என்ற எண்ணுக்கு அழையுங்கள். ஆபத்து என்றால் 999. தற்கொலை முயற்சி 2023 முதல் நம் நாட்டில் குற்றம் அல்ல. ஆகவே போலீசுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் இருக்காதீர்கள்.

தோழர்களே! மழுங்கிய கத்தியை யாரும் தூக்கி எறிவதில்லை, கல்லில் தீட்டிக்கொள்கிறோம். இந்த வாரமே உங்கள் லயத்தில், உங்கள் மாடியில், முகம் வாடியிருக்கும் ஒருவரோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். பிறகு கிளினிக்குக்கு அவரைத் தனியாக அனுப்பாமல் கூடவே போய் வாருங்கள்.